சின்ன சென்சார் கேமராவை நம்பித் தொழிலில் இறங்கலாமா?

புகைப்படத்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் எப்போதும் ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள்: "ஃபுல் ஃபிரேம் இல்லாமல் முடியுமா?" ஃபுல் ஃபிரேம் என்பது பெரிய சென்சார் கேமரா. கேட்பவரிடம் ஏற்கெனவே அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஒரு ஏபிஎஸ்-சி கேமராவோ மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவோ இருக்கும். அதில் நல்ல படங்களும் எடுத்திருப்பார். ஆனாலும் யாரோ ஒருவர் "அது கத்துக்கிறவங்க கேமரா" என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும்.

முடியும். ஆனால் எந்த வேலைக்கு முடியும், எந்த இடத்தில் இடிக்கும் என்று தெரியாமல் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அளவிலிருந்தே தொடங்குவோம்.

லென்ஸ் வழியே வரும் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஏபிஎஸ்-சி பெரும்பாலும் 23.5-க்கு 15.6 மி.மீ. அளவில் இருக்கும்; கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13 மி.மீ. பரப்பளவு பார்த்தால் முறையே 864, 367, 225 சதுர மி.மீ. அதாவது ஃபுல் ஃபிரேம் சென்சார், ஏபிஎஸ்-சியைப் போல் சுமார் 2.4 மடங்கு; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப் போல் 4 மடங்குக்குச் சற்றே குறைவு. 2.4, 4 என்ற இந்த மடங்குக் கணக்குகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

'ஃபுல்' என்ற பெயரே கொஞ்சம் மயக்குகிறது. மற்றவை எல்லாம் ஏதோ அரைகுறை என்று நினைக்க வைக்கிறது. இந்த 36-க்கு 24 அளவு எப்படி வந்தது தெரியுமா? ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சினிமாக் கட்டங்கள் சேர்ந்த இடத்தை ஒரே புகைப்படமாக்கினார். அந்த யோசனைதான் 1925-இல் லைக்கா கேமராவாக விற்பனைக்கு வந்தது. அப்போது பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தூக்கிச் சுமந்த கேமராக்களில் 4-க்கு 5 அங்குல பிலிமும் கண்ணாடித் தட்டும் இருந்தன. பரப்பில் அது இன்றைய ஃபுல் ஃபிரேமைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு. அவர்களுக்கு லைக்கா ஒரு 'மினியேச்சர்' கேமரா. இன்று நாம் முழுமை என்று சொல்லும் அளவு, தொழிலுக்குப் போதாத சிறிய அளவாகத்தான் பிறந்தது.

டிஜிட்டல் காலத்திலும் இதே கதை நடந்தது. 1999-இல் வந்த நிகான் டி1, செய்தி நிறுவனங்களைப் பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு இழுத்துக்கொண்டு போன கேமராக்களில் ஒன்று. அதில் இருந்தது ஏபிஎஸ்-சி அளவு சென்சார், வெறும் 2.7 மெகாபிக்சல். நிகானின் முதல் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமராவான டி3 வந்தது 2007-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நிகான் டிஜிட்டல் வைத்திருந்த தொழில்முறையாளர்கள் எடுத்த போர்ச் செய்தி, ஒலிம்பிக் ஓட்டம், அரசியல் கூட்டம் எல்லாமே இன்று 'கிராப் சென்சார்' என்று ஒதுக்கப்படும் அளவில் எடுத்தவை.

சரி, பழைய கதை போதும். பெரிய சென்சாரால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

முதலாவது, இருட்டில் சுத்தமான படம். தூறல் தொடங்கும் நேரத்தில் சிமெண்டுத் தரையைப் பார்த்திருப்பீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் விழும். ஒரு கட்டத்தில் நாலு துளி, பக்கத்துக் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அதுவே நன்றாகப் பெய்துவிட்டால் தரை ஒரே சீராக நனைந்துவிடும். ஒளியும் துளித் துளியாகத்தான் வருகிறது. ஓர் இடத்தில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் அதில் 10 வரை முன்பின் இருப்பது இயல்பு. அது 10 சதவீத ஏற்ற இறக்கம். 10,000 விழுந்தால் முன்பின் 100. அது ஒரே ஒரு சதவீதம். படத்தில் நாய்ஸ் என்று சொல்லும் பொறிப்பொறியான மணல் பெரும்பாலும் இந்தத் தூறல் புள்ளிகள்தான். ஒளி குறைவாக இருப்பதால் வருவது அது. கேமரா மட்டமாக இருப்பதால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எஃப் எண் சொல்லும்; எண் குறையக் குறையத் துளை பெரிது. ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம் வைத்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் விழும் ஒளி எல்லாக் கேமராவிலும் ஒன்றே. பரப்பு 4 மடங்கு பெரிதென்றால் மொத்தமாக வாங்கும் ஒளியும் 4 மடங்கு. ஒளி இரண்டு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்போம். அந்தக் கணக்கில் ஏபிஎஸ்-சியைவிட ஃபுல் ஃபிரேமுக்கு ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும் கூடுதல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட இரண்டு ஸ்டாப். கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதற்கான எண் ஐஎஸ்ஓ. ஒரே தலைமுறைத் தொழில்நுட்பமாக இருந்தால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஐஎஸ்ஓ 1600-இல் தெரியும் நாய்ஸ், ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ 6400-இல்தான் தெரியும். இது இயற்பியல். எந்த விளம்பரமும் இதை மாற்றிவிட முடியாது. சின்ன சென்சாரை நேசிக்கிறவர்களும் இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இரண்டாவது, பின்னணி மங்கல். பொக்கே என்று எல்லோரும் சொல்வது. முக உருவப்படத்துக்குப் பலரும் விரும்பும் 85 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேமில் எஃப் 1.4-இல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். அதே கோணத்தைத் தரும் 56 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் ஏபிஎஸ்-சியில் ஆறு சென்டிமீட்டர் தரும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 42.5 மி.மீ. எஃப் 1.2 வைத்தால் எட்டு. இப்போது ஒரு முகத்தை நினைத்துப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து காது வரை எத்தனை சென்டிமீட்டர்? நாலரைக்குள் இரண்டு கண்ணும் கூர்மையாக விழ, அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் போய்விடும். எட்டு சென்டிமீட்டர் என்பது பல உருவப்படங்களுக்கு வசதியான ஆழம் என்பது என் எண்ணம். ஆனால் முழு உருவத்தையும் எடுத்து, பின்னணியை மட்டும் கரைக்க வேண்டும் என்றால் பெரிய சென்சாரின் பக்கம்தான் நான் நிற்பேன். தள்ளி நிற்க நிற்க அந்த வித்தியாசம் கண்ணில் படும்.

மூன்றாவது, பார்வைக் கோணம். ஏபிஎஸ்-சிக்கு 1.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2 என்று 'கிராப் ஃபேக்டர்' சொல்வார்கள். 300 மி.மீ. லென்ஸை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் மாட்டினால் அது 600 ஆகிவிடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது. சின்ன சென்சார் அந்தக் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், 600 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் காட்டும் அதே கோணம் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த விஷயத்தின் மையம். ஆரம்பத்தில் எனக்கும் இது புரியவில்லை. புரிந்த பிறகு கேமராக்களை ஒப்பிடும் விதமே மாறிவிட்டது.

ஒரு மங்கலான கூடத்தில் மூன்று வரிசையாக நிற்கும் குழுவை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஷ் போடக் கூடாது. முன்வரிசையும் பின்வரிசையும் கூர்மையாக வேண்டும். ஆட்கள் அசைவார்கள், அதனால் ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே போகக் கூடாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வைத்திருப்பவர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைக்கிறார். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவருக்கு அதே ஆழம் வேண்டுமென்றால் எஃப் 5.6-க்குப் போக வேண்டும். துளை சுருங்கியதால் ஒளி நாலில் ஒரு பங்கு ஆகிவிட்டது. ஷட்டரைக் குறைக்க முடியாது. வேறு வழியில்லாமல் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றுகிறார். முன்பு பார்த்தோமே, அங்கே 1600-இல் தெரியும் நாய்ஸ் இங்கே 6400-இல் தெரியும் என்று! இரண்டு படமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நிற்கின்றன. பெரிய சென்சாரின் இரண்டு ஸ்டாப் ஆதாயம் கைக்கு வந்த உடனே செலவாகிவிட்டது.

அப்படியென்றால் அந்த ஆதாயம் எப்போது கையில் தங்கும்? ஆழம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, துளையை முழுதாகத் திறந்து வைக்கலாம் என்கிற வேலைகளில் தங்கும். மேடையில் ஒரே ஒரு பாடகர், இருண்ட அறையில் ஒரு முகம், இரவு மைதானத்தில் ஓடும் ஒரு வீரர். அல்லது எதுவுமே அசையாத, முக்காலி போட்டு ஷட்டரை எவ்வளவு நேரமும் திறந்து வைக்கக்கூடிய வேலைகளில் தங்கும். முழு ஆழமும் வேண்டும், பொருளும் அசையும் என்றால் தங்காது. ஒரு தொழில்முறையாளர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: என் வேலையில் நான் துளையை முழுதாகத் திறக்கிறேனா, சுருக்குகிறேனா?

எடை பற்றிய வாதத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். பறவை எடுப்பவர்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப் புகழ்வதற்கு முக்கியக் காரணம், ஒலிம்பஸின் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் முக்காலி வளையத்தோடு சேர்த்தும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது என்பதுதான். அதே கோணம் தரும் ஃபுல் ஃபிரேம் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ்கள் மூன்று கிலோ அளவில் இருக்கும். கேட்கும்போது சின்ன சென்சாரின் வெற்றியாகத்தான் தெரிகிறது. ஆனால் எஃப் எண் என்பது குவிய நீளத்தை (லென்ஸ் பெயரில் வரும் 300, 600 மி.மீ. அதுதான்) துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. முதல் லென்ஸின் துளை 75 மி.மீ., இரண்டாவதின் துளை 150 மி.மீ. பறவையிடமிருந்து வரும் ஒளியை எவ்வளவு அள்ளுகிறது என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. இரண்டாவது லென்ஸ் கனமாக இருப்பது நாலு மடங்கு ஒளி அள்ளுவதால். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக நிகான் செய்த 600 மி.மீ. எஃப் 6.3 லென்ஸும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்குகிறது; அதன் துளை 95 மி.மீ. ஆக, ஒரே அளவு ஒளி, ஒரே கோணம் என்று நேர்மையாக ஒப்பிட்டால் எடை வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. லென்ஸ் இல்லாத கேமரா உடலும் அப்படியே: சோனியின் ஏ7சி என்கிற ஃபுல் ஃபிரேம் கேமரா 509 கிராம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் உச்சக் கேமராவாக 2022-இல் வந்த ஓஎம்-1 சுமார் 600 கிராம்.

இதனால் சின்ன சென்சாரின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில் அந்த ஒன்றரைக் கிலோ லென்ஸ்தான் மையமான தேர்வு. வடிவமைப்பாளர்கள் தம் திறமை முழுவதையும் அதில் கொட்டியிருக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் நாள் முழுக்க நடந்து, முக்காலி இல்லாமல் கையிலேயே பிடித்து எடுக்கிறவருக்கு அது சரியான கருவி. விடியலுக்கு முன் காட்டின் அடர்ந்த நிழலில் எடுக்கிறவருக்கு அந்த மூன்று கிலோவைச் சுமப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சின்ன சென்சாருக்கென்று தனியாகச் சில வலிமைகள் உண்டு. சில்லு சிறிதாக இருப்பதால் அதை நடுக்கத்துக்கு எதிராக அசைத்து நிலைப்படுத்துவது சுலபம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே ஒரு நொடி ஷட்டர் திறந்து அருவி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அசையாத காட்சிக்கு அந்த இரண்டு ஸ்டாப் குறை இங்கே திரும்பக் கிடைத்துவிடுகிறது. அசையும் மனிதருக்கு இது உதவாது. கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆள் அசைவதைத் தடுக்காது. சில்லில் உள்ள தகவலை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்கும் வேகத்திலும் சிறியதற்கு ஒரு சாதகம் உண்டு. 2022-இல் வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-எச்2எஸ் என்ற ஏபிஎஸ்-சி கேமரா நொடிக்கு 40 படம் எடுக்கிறது. அதே வேகம் சில ஃபுல் ஃபிரேம் கேமராக்களிலும் கிடைக்கும், ஆனால் சில்லை அவ்வளவு விரைவாகப் படித்து முடிப்பவை பெரும்பாலும் உச்ச வரிசைக் கேமராக்கள்.

வீடியோ எடுப்பவர்கள் இந்தச் சென்சார் கவலையே படத் தேவையில்லை. பல பத்தாண்டுகளாகத் திரையரங்கில் நாம் பார்த்த படங்களில் மிகப் பெரும்பாலானவை சூப்பர் 35 போன்ற சினிமாக் கட்ட அளவுகளில் எடுத்தவை. அது ஏபிஎஸ்-சிக்கு மிக நெருங்கிய அளவு. 2010-இல் வந்து சினிமாவையே மாற்றிய ஆரி அலெக்சா என்ற டிஜிட்டல் சினிமா கேமராவும் சூப்பர் 35 தான். அத்தனை பெரிய திரைக்குப் போதுமான அளவு ஒரு நிறுவனத்தின் அறிமுக வீடியோவுக்குப் போதாதா?

மெகாபிக்சல் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்துக்கு 8.7 மெகாபிக்சல் போதும். அதைப் போல் இரண்டு மடங்கான ஏ3-க்கு 17.4. இன்றைய சின்ன சென்சார் கேமராக்கள் 20 முதல் 40 வரை தருகின்றன. பெரிய சுவரொட்டியை யாரும் கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை. கடுமையாக வெட்டி எடுக்க வேண்டிய வேலை இருந்தால் மட்டும் 45, 61 என்று போகும் ஃபுல் ஃபிரேம்கள் கை கொடுக்கும்.

தொழில் என்று வந்துவிட்டால் சென்சாரைவிட முக்கியமான சில விஷயங்கள் உண்டு. இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா? ஒருவருடைய வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சியை ஒரே கார்டில் எடுத்து, அந்தக் கார்டு கெட்டுப்போனால் திரும்ப எடுக்க முடியுமா? மழைத் தூறலைத் தாங்குமா? ஆட்டோஃபோக்கஸ் கண்ணைப் பிடித்தால் விடாமல் பிடிக்கிறதா? அதே மாதிரி இரண்டாவது உடல் ஒன்று பையில் இருக்கிறதா? சின்ன சென்சார் மலிவுக் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதிகளை நிறுவனங்கள் வேண்டுமென்றே விட்டுவிடுகின்றன. 'சின்ன சென்சார் தொழிலுக்கு ஆகாது' என்ற பெயர் வந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அந்த உடலில் குறை; பழி சென்சாருக்கு.

லென்ஸ் வரிசையையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஃபுஜிஃபில்ம் நிறுவனத்திடம் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமராவே கிடையாது. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஏபிஎஸ்-சி, அதற்கு மேல் 44-க்கு 33 மி.மீ. மீடியம் ஃபார்மட், அவ்வளவுதான். அதனால் ஏபிஎஸ்-சிக்கென்றே தரமான லென்ஸ்களை அடுக்கடுக்காகச் செய்திருக்கிறது. ஒலிம்பஸின் கேமராத் தொழிலை ஏற்று நடத்தும் ஓஎம் சிஸ்டம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை நம்பியே நடக்கிறது. நிகானும் கேனனும் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் உடல்கள் விற்றாலும், அவற்றுக்கென அவர்களே செய்த தொழில்முறை லென்ஸ்கள் மிகக் குறைவு. ஃபுல் ஃபிரேம் லென்ஸை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சின்ன சென்சாரில் தொழில் செய்ய முடிவெடுத்தால், அதைத் தன் முதல் பிள்ளையாக வளர்க்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். பொருள் படங்கள், கட்டடங்கள், ஸ்டூடியோ ஒளியில் உருவப்படம், பகல் நேர விளையாட்டு, பயணம், பூச்சிகள், பெரும்பாலான நிறுவன நிகழ்ச்சிகள், வீடியோ: இவற்றுக்கு ஏபிஎஸ்-சியும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும் தயக்கமில்லாமல் போதும். ஒளியை நீங்களே கொண்டுபோகிற வேலையில் ஸ்டாப் கணக்குக்கு வேலையே இல்லை. பூச்சி எடுப்பவருக்கு ஆழம்தான் பஞ்சம், அதனால் சின்ன சென்சார் அவரை ஒரு விதத்தில் காப்பாற்றுகிறது. இருட்டான திருமண மண்டபங்கள், இசை நிகழ்ச்சி மேடைகள், இரவு மைதானங்கள், நட்சத்திர வானம்: இவற்றில் வாரம்தோறும் சம்பாதிக்கிறவர் ஃபுல் ஃபிரேம் வாங்குவது நியாயமான செலவு. அங்கே ஒரு ஸ்டாப் என்பது விற்கும் படத்துக்கும் விற்காத படத்துக்கும் இடையிலான தூரம். இப்போது லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் நாய்ஸை வியக்கும்படி நீக்குகின்றன. 2023-க்குப் பிறகு சின்ன சென்சாரின் எல்லை கண்கூடாக நகர்ந்திருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான படங்களை அப்படிச் சுத்தம் செய்ய ஆகும் நேரமும் உங்கள் உழைப்புதான்.

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் முடிவெடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கடந்த ஓர் ஆண்டில் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த படங்களை மட்டும் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் ஐஎஸ்ஓவையும் எஃப் எண்ணையும் வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலானவை எஃப் 4-க்கு மேலேயும் ஐஎஸ்ஓ 1600-க்குக் கீழேயும் இருந்தால், உங்கள் பணம் நல்ல லென்ஸுக்கோ ஒளிக்கருவிக்கோ போகட்டும். லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையில் ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டியவைதான் அதிகம் என்றால், அப்புறம் ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவை லென்ஸோடு ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் எடுங்கள். ஒப்பிடும்போது திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பிக்சல்களை எண்ண வேண்டாம். வாடிக்கையாளர் எந்த அளவில் பார்ப்பாரோ அந்த அளவில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல், புகைப்படம் எடுக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்.